வீட்டில் டயாலிசிஸ் நோயாளி இருக்கும்போது சபரிமலைக்கு மாலை போடலாமா?

கேள்வியின் சுருக்கம் இது. கேட்டவருக்கு வயது 46, ஊர் மதுரை. நான்கு ஆண்டுகளாக மாலை போட்டு மலைக்குப் போகிறார். ஆடி மாதத்திலிருந்து அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி காலையில் அழைத்துப் போவது இவர்தான். மனைவி பள்ளி ஆசிரியை, மகள் பத்தாம் வகுப்பு. கார்த்திகை 1 அன்று மாலை போடுகிறேன் என்றதும் மனைவி, "48 நாள் நீங்க சாமி, நான் சமையக்காரி" என்று சொல்லியிருக்கிறார். குருசாமியோ, "மாலையைப் போடு, குடும்பத்தை ஐயப்பன் பாத்துக்குவான்" என்கிறார். குழு மகரஜோதிக்குப் போகிறது. இவருக்கும் ஆறு ஆண்டாகச் சர்க்கரை. ஒரு ஆண்டு விட்டால், மலைக்குப் போவதில் வைக்கும் 18 ஆண்டுக் கணக்கு உடைந்துவிடுமா என்பது கடைசிக் கேள்வி.

மாலை போடலாம். ஆனால் இந்தக் கார்த்திகையில், இந்தக் குழுவோடு, ஜோதிக்கு என்றால் வேண்டாம். விரதம் எடுப்பவர் நீங்கள். அதன் பாரம் உங்கள் தலையில்தான் இருக்க வேண்டும். குளிர்ந்த நீரில் நீங்கள் குளிப்பது விரதம். உங்களுக்காக உங்கள் மனைவி காலை 4 மணிக்கு எழுந்து தனி அடுப்பு பற்ற வைப்பது அவர் எடுக்காத விரதம். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு கணக்கை எப்படிச் சரி செய்வது என்பது பற்றித்தான்.

முதலில் குருசாமியின் வாதம். ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்பதில் நம்பிக்கை உள்ளவருக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் டயாலிசிஸ் மையத்தில் கையெழுத்துப் போடவும், ஊசி இடத்தில் ரத்தம் நிற்கும் வரை பஞ்சை அழுத்திப் பிடிக்கவும், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்போது தாங்கிப் பிடிக்கவும் ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று குருசாமியிடம் கேளுங்கள். கேலியாக அல்ல, நிஜமாகவே கேளுங்கள். நல்ல குருசாமி என்றால் குழுவிலிருந்து ஒருவரை நியமிப்பார், அல்லது "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார்.

இந்த வழிபாட்டு மரபே குடும்பத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஐயப்பன் மணிகண்டனாக வளர்ந்த பந்தளத்துக் கதையில் ராணிக்கு வந்த தலைவலி நாடகம். அது தெரிந்தே மணிகண்டன் புலிப்பால் தேடிக் காட்டுக்குப் போகிறார். வளர்த்த தாய் கேட்டாள் என்பதே அவருக்குப் போதுமான காரணம். ஆண்டுதோறும் ஜனவரியில் பந்தளத்திலிருந்து போகும் திருவாபரணம் அப்பா பிள்ளைக்கு அனுப்பும் நகை என்றுதான் மரபு சொல்கிறது. அந்த ஊர்வலத்தோடு அரண்மனையின் பிரதிநிதி போவார். ஆனால் அரண்மனைக் குடும்பத்தில் இறப்பு நேர்ந்து தீட்டு இருந்தால் அவர் போவதில்லை, பெட்டி மட்டும் போகும். அண்மை ஆண்டுகளிலும் அப்படி நடந்திருக்கிறது. சொந்தப் பிள்ளையைப் பார்க்கப் போகிற ராஜாவே வீட்டு நிலைமையைப் பார்த்து ஒதுங்கலாம் என்றால், மதுரையிலிருந்து போகிறவர் ஒரு வருஷம் ஒதுங்குவதில் என்ன குற்றம் வந்துவிடும்? நம் வீடுகளிலும் மனைவி நிறைமாதமாக இருந்தால் கணவன் மலையேறுவதில்லை. அதை யாரும் பக்திக் குறைவு என்று சொல்வதில்லை.

18 ஆண்டுக் கணக்கு பற்றி இரண்டே வரி. யார் எத்தனையாவது முறை வருகிறார் என்று கோயிலில் எந்தப் பதிவேடும் கிடையாது. பெரும்பாலான குழுக்களில் எண்ணுவது எத்தனை முறை இருமுடி சுமந்தார் என்பதைத்தான். நடுவில் இரண்டு ஆண்டு விட்டவரும் 18ஆம் முறை தென்னங்கன்று எடுத்துப் போகிறார்.

இப்போது நாள் கணக்கு. 48 நாள் என்று உங்கள் வீட்டில் பேசுகிறீர்கள், ஆனால் உங்கள் திட்டம் 48 நாள் அல்ல. கார்த்திகை 1 என்பது நவம்பர் 16 அல்லது 17. மண்டல பூஜை டிசம்பர் 26 அல்லது 27, அது 41ஆம் நாள். அதன் பிறகு நடை சாத்தி டிசம்பர் 30 அன்று மகரவிளக்குக்குத் திறக்கிறார்கள். ஜோதி ஜனவரி 14 அல்லது 15. ஆக மாலை உங்கள் கழுத்தில் ஏறக்குறைய 60 நாள் இருக்கும். அதற்குள் மகளின் அரையாண்டுத் தேர்வு முழுவதும் அடங்கிவிடும். ஜோதி பார்க்கிறவர்கள் காட்டில் ஓலைக் குடிசை போட்டு இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். ஜோதி முடிந்த இரவு எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் இறங்கும். அந்த இரவில் அப்பாவுக்கு மூச்சுத் திணறல் என்று போன் வந்தால் நீங்கள் மதுரை வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிடும்.

அடுத்து சமையலறை. அதிகம் பிசகுவது இங்கேதான், யாரும் யோசிக்காததும் இதைத்தான். ஒருவர் மாலை போட்டால் வீடே சைவமாகிவிடும். மற்ற வீடுகளில் அது வெறும் சிரமம், உங்கள் வீட்டில் மருத்துவப் பிரச்சினை. டயாலிசிஸ் செய்யும்போது கழிவோடு சேர்ந்து புரதத்தின் ஒரு பகுதியும் போய்விடுகிறது. அதனால் டயாலிசிஸ் தொடங்கியவருக்கு முன்பைவிட அதிகப் புரதம் வேண்டும், பொதுவாக ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். அப்பா 55 கிலோ என்றால் 55 முதல் 66 கிராம். டயட்டீஷியன் முட்டை வெள்ளைக்கரு சாப்பிடச் சொல்வது இதனால்தான். ஒரு வெள்ளைக்கருவில் 3.5 கிராம் அளவுக்கு நல்ல புரதம், பாஸ்பரஸ் மிகக் குறைவு. அதை 60 நாள் நிறுத்தினால் எடை இறங்கும், கால் வீங்கும், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்பும்போது எழுந்து நிற்கவே தெம்பு இருக்காது. "பருப்பு இருக்கே, பால் இருக்கே" என்பார்கள். பருப்பில் பொட்டாசியமும், பாலில் பாஸ்பரஸும் சேர்ந்தே வரும். டயட்டீஷியனைக் கேட்காமல் அளவைக் கூட்டக் கூடாது.

எனவே அப்பாவின் முட்டை நிற்கக் கூடாது. பால்கனியிலோ மாடிப்படி அடியிலோ ஒரு சின்ன இண்டக்‌ஷன் அடுப்பும் தனிப் பாத்திரமும் வையுங்கள். 10 நிமிட வேலை. அவித்து, உரித்து, மஞ்சள் கருவை எடுத்துவிட்டுக் கொடுப்பது. மாலை போட்டவர் முட்டையைத் தொடலாமா என்று தயங்கினால் மகளோ அம்மாவோ செய்யட்டும். ஆனால் அதே வீட்டில் முட்டை அவிந்தால் விரதம் கெட்டுவிடும் என்று நினைப்பவர் சாப்பாட்டை வெளியே மாற்றிக்கொள்ள வேண்டும். பல ஊர்களில் ஐயப்பன் கோயில்களில் கார்த்திகை, மார்கழியில் சாமிமார்களுக்கு அன்னதானம் உண்டு.

இன்னொரு பக்கம் பிரசாதம். மாலை போட்ட வீட்டில் வாழைப்பழம், தேங்காய், பஞ்சாமிர்தம், பேரீச்சை, உலர்திராட்சை, வெல்லம் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். இவை எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நின்றும் போகலாம். சிதறுகாய் உடைக்கும்போது பிடித்த இளநீரை, "சாமி தீர்த்தம், ஒரு வாய்" என்று பெரியவருக்குக் கொடுப்பவர்கள் உண்டு. வீட்டுக்கு வரும் சாமிமார்கள் எல்லோருக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: அப்பாவுக்கு விபூதி மட்டும். தண்ணீரும் அப்படித்தான். மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவுக்குள் தீர்த்தம், பால், பாயசம், ரசம் எல்லாமே அடங்கும்.

உங்கள் சாப்பாட்டை நீங்களே சமையுங்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. பச்சரிசி 100 கிராம், பாசிப்பருப்பு 30 கிராம், மிளகு சீரகம் கால் கால் தேக்கரண்டி, ஒரு துண்டு இஞ்சி, அரிசி பருப்பு அளந்த டம்ளரால் நாலு மடங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு. இரண்டு லிட்டர் குக்கரில் நாலு விசில். குளித்து வந்து ஏற்றிவிட்டுச் சரணம் சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிடும். சர்க்கரை உள்ளவர் என்பதால் அரிசியில் பாதிக்குத் தினையோ சாமையோ போடுங்கள், கூடவே ஒரு காய் வதக்கிக்கொள்ளுங்கள். பாத்திரத்தை நீங்களே கழுவுங்கள், உங்கள் கறுப்பு வேட்டியை நீங்களே துவையுங்கள். இதைச் சொன்னால் சில குருசாமிகளே சிரிப்பார்கள். ஆனால் விரத நாளில் தன் வேலையைத் தானே செய்துகொள்வது எந்த ஆசாரத்துக்கும் விரோதம் இல்லை.

தீட்டு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் டிசம்பரில் அது கட்டாயம் வரும். வீட்டில் மனைவி, மகள் இருவருக்கும் மாதவிலக்கு நாட்கள் இருக்கும். பல வீடுகளில் அந்த நாட்களில் பெண்களைப் பக்கத்து வீட்டுக்கோ பாட்டி வீட்டுக்கோ அனுப்புகிறார்கள். அரையாண்டுத் தேர்வு நடக்கும்போது பத்தாம் வகுப்புப் பிள்ளையைப் புத்தகமும் பாயுமாக வேறு வீட்டுக்கு அனுப்புவது தவறு. ஆசாரம் பார்க்கிறவர் நீங்கள், நகர வேண்டியவரும் நீங்கள். மாடி அறை இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் குழு தங்கும் பஜனை மடத்திலோ உள்ளூர் ஐயப்பன் கோயிலிலோ அந்த மூன்று நாலு நாள் படுத்துக்கொள்ளலாம். எப்படியும் பாய்தான், தலையணையும் இல்லை. எங்கே விரித்தால் என்ன?

ஆஸ்பத்திரிக்குப் போனால் தீட்டு, ரத்தம் பட்டால் மாலையைக் கழற்ற வேண்டும் என்றும் சொல்வார்கள். வழக்கத்தில் தீட்டு என்பது பிறப்பு, இறப்பு, மாதவிலக்கு ஆகியவற்றைச் சுற்றி வருவது. நோயாளிக்குப் பணிவிடை செய்வது அதில் சேராது. அப்பாவின் ஊசி இடத்தை அழுத்திப் பிடித்தாலும், வாந்தியைத் துடைத்தாலும், வீடு வந்து குளித்துச் சரணம் சொன்னால் முடிந்தது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் மையத்தில் 4 மணி நேரம் வெளியே உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள். 108 சரணத்தை அங்கேயே மனதுக்குள் சொல்லலாம், அதற்குச் சத்தம் தேவையில்லை.

வீட்டுப் பஜனை. ஒவ்வொரு சாமி வீட்டிலும் ஒரு நாள் பஜனை, பிறகு 40 பேருக்குச் சாப்பாடு என்பது உங்கள் குழுவின் வழக்கம் என்றால், இந்த ஆண்டு உங்கள் வீட்டில் சுண்டலோடு நிறுத்துங்கள். 40 பேருக்குக் கறுப்புக் கொண்டைக்கடலை 2 கிலோ, முதல்நாள் இரவே ஊறப்போட வேண்டும். இரண்டு தேங்காய் துருவல் போதும். வேகவைத்துத் தாளிப்பதைக் குழுவில் நாலு பேர் வந்து செய்யட்டும். தேதி குறிக்கும்போது டயாலிசிஸ் நாள் சாயங்காலம் வேண்டாம். அன்று அப்பாவுக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும், மைக் சத்தத்தில் தூங்க முடியாது. தேர்வுக்கு முந்தைய நாளும் வேண்டாம். வட்டிக்கு வாங்கிப் பந்தி போடும் பழக்கத்தைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டு நகையை அடகு வைத்துத்தான் ஃபிஸ்துலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக் குழாய்களை இணைப்பது) அறுவைக்கும் பணம் புரட்ட வேண்டியிருக்கும்.

எப்போது போகலாம் என்று பார்ப்போம். எனக்குச் சிறந்ததாகப் படுவது இடவ மாத நடை திறப்பு. ஒவ்வொரு மலையாள மாதத்தின் முதல் ஐந்து நாளும் சபரிமலை நடை திறந்திருக்கும் என்பது கார்த்திகைக்கு மட்டும் போகும் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. முந்தைய நாள் மாலை திறந்து ஐந்தாம் நாள் இரவு சாத்துவார்கள். அதே 18 படி, அதே நெய்யபிஷேகம், கூட்டம் குறைவு. இடவம் 1 மே 15 வாக்கில் வரும். 41 நாள் பின்னால் எண்ணினால் ஏப்ரல் முதல் வாரத்தில் மாலை போட வேண்டும். மகளுக்குப் பொதுத்தேர்வு முடிந்தோ முடியும் தறுவாயிலோ இருக்கும், மே மாதத்தில் மனைவிக்கும் பள்ளி விடுமுறை. ஒரு குறை, ஏப்ரல் வெயிலில் வெறுங்காலோடு தார்ச் சாலையில் நடக்க முடியாது. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். மிதுன மாதத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். ஜூன் நடுவில் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை, ஏறும் வழியில் உள்ள நீலிமலை வழுக்கும், பம்பையில் தண்ணீர் ஏறும்.

இந்தப் பருவத்திலேயே போக வேண்டும் என்று மனம் கேட்கவில்லை என்றால் இரண்டாவது வழி உண்டு. கார்த்திகை 1 வரை காத்திருக்காமல் ஐப்பசி முதல் வாரத்திலேயே மாலை போட்டுவிட்டால் நவம்பர் கடைசியிலோ டிசம்பர் தொடக்கத்திலோ 41 நாள் நிறைந்துவிடும். அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன்பே மலைக்குப் போய் வந்துவிடலாம். அதற்குக் கிழமை முக்கியம். எல்லோரும் வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு திரும்பலாம், திங்கள்தானே அடுத்த டயாலிசிஸ் என்று கணக்குப் போடுவார்கள். அது தவறு. வெள்ளியிலிருந்து திங்கள் வரை உள்ள இடைவெளிதான் வாரத்திலேயே நீளமானது. நீரும் பொட்டாசியமும் உடம்பில் அதிகம் சேர்வதும், ஞாயிறு இரவு மூச்சுத் திணறலோடு அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டி வருவதும் அந்த இடைவெளியில்தான். மலையில் கூட்டம் முற்றுவதும் அதே சனி, ஞாயிறு. எனவே புதன், வெள்ளிக்கு நடுவே போங்கள். புதன் மதியம் அப்பா வீடு திரும்பியதும் 2 மணிக்குக் கிளம்பி, தேனி, கம்பம், குமுளி, எருமேலி வழியாக நிலக்கல். வண்டி பெரும்பாலும் அங்கேயே நிற்கும், அங்கிருந்து பம்பைக்குக் கேரள அரசுப் பேருந்து. பம்பையிலிருந்து சன்னிதானம் 5 கிலோமீட்டர் அளவு ஏற்றம். காலை 3 மணிக்கு நடை திறக்கும், நெய்யபிஷேகம் முற்பகலோடு முடிந்துவிடும். வியாழன் காலை தரிசனம் கிடைத்தால் இரவு வீடு வந்துவிடலாம். விர்ச்சுவல் க்யூவில் முன்பதிவு செய்தே போங்கள். ஸ்பாட் புக்கிங்குக்கு இடம் குறைவு, அதை நம்பி நேரக் கணக்குப் போட முடியாது.

அப்படியே போனாலும் வெள்ளிக் காலை அப்பாவை அழைத்துப் போக மச்சானோ தங்கை மாப்பிள்ளையோ தயாராக இருக்க வேண்டும். வரிசை 10 மணி நேரம் இழுத்துவிடலாம், இரவெல்லாம் தூங்காமல் வந்து நீங்கள் வண்டி ஓட்டவும் கூடாது. எருமேலியிலிருந்து அழுதை, கரிமலை வழியாக நடக்கும் பெரிய பாதை இந்த ஆண்டு வேண்டவே வேண்டாம். அது 40 கிலோமீட்டருக்கு மேல், காட்டுக்குள் போன் எடுக்காது. திரும்பும் வழியில் குற்றாலம், திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று குழு ஐந்து நாள் சுற்றும். ஐயப்பனுக்கு நேர்ந்துகொண்டதில் அந்தச் சுற்றுலா இல்லை. வேன் பங்கு கட்டும்போதே சொல்லிவிட்டு, தனியாகப் பேருந்திலோ நாலு பேர் சேர்ந்து காரிலோ போங்கள்.

கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது வழக்கம். டயாலிசிஸ் அட்டை, காப்பீட்டு அட்டை, மாத்திரைப் பட்டியல், மையத்தின் எண், எந்தக் கையில் ஃபிஸ்துலா, அந்தக் கையில் ஊசி போடவோ ரத்த அழுத்தம் பார்க்கவோ கூடாது என்ற குறிப்பு, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டால் திரும்பிப் பார்க்க வேண்டியதும் இராது.

உங்கள் சர்க்கரைக்கு வருகிறேன். அப்பாவை அழைத்துப் போகிற ஒரே ஆள் நீங்கள் என்றால் உங்கள் கால் உங்களுக்கு மட்டும் சொந்தமல்ல. ஆறு ஆண்டுச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். முள் குத்தியதும் தெரியாது, கொப்புளம் உடைந்ததும் தெரியாது. மாலை போடும் முன் மருத்துவரிடம் பாதப் பரிசோதனை செய்யுங்கள். உணர்ச்சி குறைவு என்றால் செருப்பு போட்டே விரதம் இருங்கள், சன்னிதானத்தில் மட்டும் கழற்றுங்கள். வெறுங்கால் என்றால் தினமும் இரவில் விரல் இடுக்கு உட்படப் பார்த்துவிட்டுப் படுங்கள். காலைக் காபி முதல் மதியச் சாப்பாடு வரை பட்டினி கிடந்து மாத்திரை மட்டும் போடுவது விரதத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, சர்க்கரை இறங்கிப் பூஜை அறையிலேயே விழுவார்கள். நீலிமலை, அப்பாச்சி மேடு ஏற்றத்தில் நெஞ்சு இறுகினால் உட்கார்ந்துவிடுங்கள், வழியில் அவசர மருத்துவ மையங்களும் ஆக்சிஜன் தரும் இடங்களும் உண்டு. சுவாமி ஐயப்பன் சாலை வழியாக ஏறினால் சரிவு குறைவு.

விரதத்துக்கு நடுவில் அப்பாவின் நிலைமை மோசமானால்? ஆஸ்பத்திரியில் சேர்த்தால் மாலையோடே போய் இருக்கலாம், மலைப் பயணத்தை மட்டும் விடலாம். பயணம் முடியாது என்று தெரிந்துவிட்டால் குருசாமியிடம் சொல்லி, அவர் கையாலோ அம்மா கையாலோ மாலையைக் கழற்றி வீட்டு ஐயப்பன் படத்துக்குச் சாத்திவிடுங்கள். அப்பா தவறிவிட்டால் யோசிக்கவே வேண்டாம். மாலையைக் கழற்றிவிட்டு மகன் செய்ய வேண்டிய காரியத்தைச் செய்ய வேண்டும், அந்த ஆண்டு மலை கிடையாது. மனைவி வீட்டில் துக்கம் என்றாலும் இதே மனத்தோடு இருங்கள். "நான் மாலை போட்டிருக்கேன், சாவு வீட்டுக்கு வரமாட்டேன்" என்று மாமனார் சாவுக்குப் போகாமல் இருந்தவர்களின் வீட்டில் அந்தப் பேச்சு 20 ஆண்டானாலும் ஓயாது.

மனைவியிடம் பேசுவதைப் பற்றி ஒன்று. பிரம்மச்சரியம் உட்பட இந்த விரதத்தின் பாதி அவரையும் கட்டுகிறது. அதனால்தான் பெற்றோர், மனைவி சம்மதத்தோடு மாலை போட வேண்டும் என்று பழைய குருசாமிகள் முதலில் கேட்பார்கள். ஐப்பசி கடைசி நாள் இரவு, "நாளைக்கு மாலை போடறேன்" என்பது சம்மதம் கேட்பது அல்ல, தகவல் சொல்வது. வீட்டு வேலைகளை ஒரு தாளில் எழுதி, அந்த 41 நாளும் எது யாருடையது என்று பேசுங்கள். மாலை போட்ட பிறகு உங்கள் பக்கத்தில் ஒரு வேலையாவது கூடியிருக்க வேண்டும், குறைந்திருக்கக் கூடாது. இன்னொன்று, எல்லோரும் "சாமி, சாமி" என்று கூப்பிடும்போது சிலருக்குக் கோபமும் சேர்ந்தே ஏறுகிறது. அந்தச் சொல் எதிரில் இருப்பவருக்கும் உரியது. மாலை போட்டவர் மனைவியை "மாளிகைப்புரம்" என்று கூப்பிட்டுவிட்டு, காபி ஆறிவிட்டது என்று கத்தினால் வீட்டில் யார் மதிப்பார்கள்?

இந்த ஆண்டு மலைக்குப் போகவில்லை என்று முடிவானால், குழுவில் ஒருவரின் இருமுடியில் உங்கள் வீட்டு நெய்த்தேங்காயைக் கொடுத்தனுப்பலாம். ஒரு இருமுடியில் பல காய்கள் போவது வழக்கம்தான். நார் நீக்கி வழவழப்பாகத் தேய்த்த, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்கும் முற்றிய காயாக எடுங்கள். ஒரு கண்ணைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துக் கவிழ்த்து வைத்து ஈரம் போக விடுங்கள், ஈரம் நின்றால் நெய் வாடை அடிக்கும். பசுநெய்யை உருக்கி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஊற்ற வேண்டும். நடுத்தரக் காய்க்கு 100 முதல் 150 மில்லி பிடிக்கும். கார்க் வைத்து இறுக்கி ஒழுகாமல் பூசிவிடுங்கள். வீட்டில் எல்லோரும் ஒரு கரண்டி ஊற்றலாம், டயாலிசிஸ் இல்லாத நாளில் அப்பாவையும் நாற்காலியில் உட்கார வைத்து ஊற்றச் சொல்லுங்கள், ஃபிஸ்துலா இல்லாத கையால். அபிஷேகம் ஆகித் திரும்பி வரும் நெய்யில் பொட்டாசியம் அநேகமாக இல்லை. அரவணைப் பாயசத்தை மற்றவர்கள் சாப்பிடட்டும், அந்த நெய்யில் ஒரு தேக்கரண்டி அப்பாவின் இட்லி மேல் விடலாம்.